ரொட்டி இல்லாத சாண்ட்விச்

கடலூர் முதுநகரில் ரொட்டிக்காக ஊரையே பகைத்துக்கொண்ட ஒரே மனிதர் சாண்ட்விச் பாய்தான். ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து ஒதுக்கியவருக்கு அவர் கடையில் இன்னொரு சாண்ட்விச் கிடையாது. "ஓரம் என்னா பாவம் பண்ணுச்சு மச்சான்? தின்னுட்டு எழுந்திரு" என்பார். எதிர் அலுவலகத்தில் வேலை பார்த்த நான் தினமும் மதியம் அங்கேதான் சாப்பிட்டேன், ஓரத்தோடு.

கைமா, முட்டை, சீஸ், புதினாச் சட்னி. ரொட்டிக்கு நடுவில் வைத்து மொறுமொறுவென்று வாட்டித் தருவார். அன்றன்றைக்கு முதலில் வாட்டியது பின்கட்டில் இருந்த அவர் மனைவி ஜுபைதா அக்காவுக்குப் போகும். அதற்குப் பிறகுதான் வியாபாரம்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அக்காவுக்குச் சர்க்கரை முற்றி, கால்விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். ரொட்டியையும் சோற்றையும் குறைக்கச் சொன்னார் டாக்டர். அக்கா சாப்பாட்டையே விட்டுவிட்டார். எதைக் கொடுத்தாலும், "பசிக்கல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"ஊசியும் போட்டுக்குனு வெறும் வயித்தோட கெடக்குறா தம்பி. என்னா பண்ணுவேன்?" என்று பாய் என்னிடம் கேட்டார். அவருக்கு அப்படியொரு சின்னக் குரல் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாளே ரொட்டி இல்லாமல் சாண்ட்விச் செய்ய இறங்கினார். ருசி பார்க்கும் பொறுப்பு என் தலையில்.

முதலில் காலிஃபிளவரைத் துருவி அடுக்கினார். உப்புமா மாதிரி உதிர்ந்தது. அடுத்து சுரைக்காய். ஓவனிலிருந்து எடுத்தபோது கைமா தண்ணீரில் நீந்தியது.

"எப்டி இருக்கு?"

"கூட்டு மாதிரி இருக்கு பாய்."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாண்ட்விச் கேட்டால் டீயைக் கொண்டுவந்து வைத்தார்.

கடைக்கு வந்த மீன்காரர் ஒருவர், "ரொட்டியில்லாத சாண்ட்விச்சா? மீனில்லாம மீன்கொழம்பு வச்ச கதையால்ல இருக்கு!" என்று சிரித்தார். வழக்கமாக இதற்கு ஒரு மணி நேரம் சண்டை நடக்கும். பாய் தலை நிமிராமல் கத்தரிக்காயை வட்டம் வட்டமாக நறுக்கிக்கொண்டிருந்தார். உப்புத் தடவி, பிழிந்து, கல்லில் சிவக்க வாட்டி, தட்டில் பரப்பினார். மேலே கைமா, சட்னி. மறுபடி கத்தரிக்காய். அடித்த முட்டையை ஊற்றி, சீஸைத் துருவிப் போட்டு, பன் சுடுகிற ஓவனுக்குள் தள்ளினார்.

வெந்ததும் கத்தி வைத்தார். சதுரமாக, குலையாமல் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "நீ ஒண்ணும் சொல்லாத" என்று தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். பின்னாலேயே போன நான் வாசலோடு நின்றுவிட்டேன்.

சுவர்ப்பக்கம் படுத்திருந்த அக்கா முகத்தைத் திருப்பவே இல்லை. பாய் தட்டோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வற்புறுத்தவில்லை. வாட்டிய கைமாவும் புதினாவும் அறை முழுக்க மணத்தன. கொஞ்ச நேரம் கழித்து அக்கா கையை ஊன்றி எழுந்தார். ஒரு வாய் எடுத்தார். மெதுவாக மென்றார். இன்னொரு வாய் எடுத்தார்.

"உப்பு ஜாஸ்தி" என்றார். ஆனால் தட்டைத் திருப்பித் தரவில்லை.

பாய் கடைக்கு வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஓவன் முன்னால் நின்றார். தோள்கள் குலுங்கின. பெஞ்சு நிறைய ஆட்கள், எல்லோருக்கும் பசி. ஒருவர்கூட "பாய், இன்னும் ஆவலியா?" என்று கேட்கவில்லை.