இரண்டு டாலர் சிரிப்பு

டெல்பீன் பெட்டவேயின் சிரிப்பு இரண்டு டாலருக்குப் போனது. அந்த இரண்டு டாலர்கூடக் கை தட்டியதற்கான கூலி. சிரிப்பு கொசுறு.

நாற்பது வருடம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில், அவள் கணவர் வெர்னல் பெட்டவே அந்தக் கொசுறின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஊசியைத் துடைப்பதற்காக இசைத்தட்டை எடுத்து நாற்காலியில் வைத்தவர், துடைத்த களைப்பில் அதே நாற்காலியில் சாய்ந்தார். சத்தம் சின்னதுதான். அப்பளம் நொறுங்குகிற சத்தம்.

டெல்பீன் இறந்து ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருடம். ஆராதனை முடிந்ததும் சபையார் முப்பது பேர் சாப்பிட வருகிறார்கள். வெர்னல் அந்தச் சபையில் டீக்கன், போதகருக்கு அடுத்த பொறுப்பு. அன்றைக்கு எல்லோரும் டெல்பீனின் சிரிப்பைக் கேட்டுவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்கவேண்டும் என்று அவரே எழுந்து நின்று அறிவித்திருந்தார். அதைவிட, இந்த ஒரு வருடமாக அதைக் கேட்காமல் அவர் காலைக் காப்பி குடித்ததில்லை. அவள் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை. அவள் இருக்கும்வரை அதற்குத் தேவை இருக்கவில்லை.

பாட்டின் பெயர் ‘முட்டியை மடக்கு’. 1961இல் சிகாகோவின் தெற்குப் பக்கம் முழுக்க முட்டியை மடக்கி ஆடியது. ஆடியவர்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு இப்போது முட்டி மடங்காது. அதில் பேஸ் கிட்டார் வாசித்தவர் வெர்னல். இரண்டாவது சரணம் முடிந்ததும் எல்லா வாத்தியமும் நின்று, நாலு எண்ணும் நேரம் மௌனம் என்று ஏற்பாடு. பதிவின்போது, சரியாக அந்த மௌனத்தில், வெர்னலின் முக்காலி கால் ஒடிந்து அவர் சுவரோரமாகக் கவிழ்ந்தார். கை தட்டுவதற்காகக் கீழ்த்தள அழகு நிலையத்திலிருந்து பிடித்துவந்திருந்த ஆறு பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். மணிகளை மாடிப்படியில் உருட்டிவிட்டது போன்ற சிரிப்பு. இன்னொரு முறை பதிவுசெய்ய நாடாவுக்குச் செலவழிக்க மனம் வராத முதலாளி, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

சுவரைப் பார்த்துக் கிடந்தவருக்கு யார் சிரித்தது என்று தெரியவில்லை. இசைத்தட்டு வெளிவந்ததும் கீழே போய் விசாரித்தார். யாருக்கோ தலை அலசிக்கொண்டிருந்த டெல்பீன், நிமிராமலே, நான்தான் என்றாள். இன்னொரு தடவை சிரிக்க முடியுமா என்று கேட்டார்.

“கேட்ட உடனே சிரிக்க நான் என்ன ரேடியோவா? மூணு வாரம் கழிச்சு வாங்க.”

கர்வக்காரி என்று நினைத்தார். மூன்றாவது சனிக்கிழமை போனார். சிரித்தாள். வருடம் முடிவதற்குள் கல்யாணம்.

கல்யாணத்தோடு கூடவே வந்தவள் அர்வெல்லா. டெல்பீனின் அக்கா, அதே கடையில் தலை சீவியவள். மாடியில் குடியிருக்கிறாள். அவள் சிரித்து வெர்னல் பார்த்ததில்லை. அவர் ஒரு வேடிக்கைக் கதையை ஆரம்பித்தால் பாதியில் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். தொலைக்காட்சியில் கோமாளி வந்தால் மாடிக்கே போய்விடுவாள். அவளுக்குப் பல் சரியில்லை என்பது வெர்னலின் கணிப்பு. சவப்பெட்டிக் கடைக்காரி என்பது அவர் அவளுக்கு வைத்த பெயர்.

பாட்டு மட்டும் வீட்டில் தங்காமல் ஊர் மேயப் போனது. லண்டன் பையன்கள் நாலு பேர் பாடினார்கள். சிரிப்பு வரும் இடத்தில் ஒருவன் பெண்குரலில் கீச்சிட்டான். கிராமியப் பாட்டுப் பாடும் நாஷ்வில் தொப்பிக்காரர் ஒருவர் அங்கே பிடிலைச் சொருகினார். நடன விடுதிக்காரர்கள் பாட்டை ஒன்பது நிமிடத்துக்கு இழுத்து, ஓர் இயந்திரத்தைச் சிரிக்கவைத்தார்கள். சோப்புத்தூள் விளம்பரத்தில் ஒரு சட்டை சிரித்தது. மொத்தம் பதினோரு தடவை அதை மற்றவர்கள் பாடியாகிவிட்டது. முடிதிருத்தும் கடையில் யார் சிக்கினாலும் வெர்னல் அந்தக் கணக்கைச் சொல்லுவார்.

ஒவ்வொன்று வெளிவரும்போதும் டெல்பீன் வாங்கிவந்து போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள். “இது அசலுக்குக் கிட்ட வருதா?”

“ஒண்ணும் வராது. அசல் அசல்தான்.”

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரிப்பாள். “பாத்தியா, அதான்” என்பார் வெர்னல்.

இப்போது அந்த அசல் மூன்று துண்டாகக் கிடந்தது.

முதலில் அர்வெல்லாவின் நகப்பசையை வாங்கி ஒட்டினார். துண்டுகள் ஒட்டின, ஊசியும் சேர்ந்து ஒட்டி முனை முறிந்தது. புது ஊசி வாங்க ராஸ்கோவின் இசைத்தட்டுக் கடைக்குப் போனார். பதினோரு மறுபாட்டும் ராஸ்கோவிடம் இருந்தன. அசல் இல்லை. அந்தச் சின்னக் கம்பெனி மூடியபோது போட்டதே ஆயிரமோ ஆயிரத்து இருநூறோதானாம். புறநகரில் ஹால்வர்சன் என்று ஒரு காப்பீட்டுக்காரர் இந்த மாதிரித் தட்டுகளாகச் சேர்க்கிறவர். அவரிடம் ஒன்று உண்டு. போன வசந்தத்தில் எண்பது டாலர் சொன்னார் என்றான் ராஸ்கோ.

“எண்பதா? நாங்க விக்கறப்ப அது தொண்ணூறு சென்ட்.”

“அப்ப வாங்கி வெச்சிருக்கணும் டீக்கன்.”

எண்பதை நாற்பதாக்கலாம் என்று வெர்னலுக்கு ஒரு யோசனை. வானொலியில் பழைய பாட்டுப் போடுகிறவருக்குப் போன் செய்து, யாரிடமாவது அந்தத் தட்டு சும்மா கிடக்கிறதா என்று நேயர்களைக் கேட்கச் சொன்னார். அந்த மனிதர் உருகிப்போய், இறந்துபோன மனைவியின் சிரிப்பைத் தேடி அலையும் டீக்கன் ஒருவர் என்ன விலையும் கொடுக்கத் தயார் என்று தழுதழுத்தார். என்ன விலையும் என்பது அவரே சேர்த்துக்கொண்டது. எண்ணூறு பேர் போன் செய்து அழுதார்கள். ஒருவரிடமும் தட்டு இல்லை. சாயங்காலம் ஹால்வர்சன் ராஸ்கோவைக் கூப்பிட்டு, தன் தட்டு முந்நூறு என்றார்.

நேரில் போனால் மனசு இளகும் என்று வெள்ளிக்கிழமை பேருந்து மாறி மாறிப் போனார் வெர்னல். பத்திரிகை நறுக்கு, கல்யாணப் படம், எல்லாம் எடுத்துப்போனார். அந்தச் சிரிப்பு என் பெண்டாட்டியோடது, கவிழ்ந்தது நான், என்று முழுக் கதையும் சொன்னார். ஹால்வர்சனின் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு வரலாறு உள்ள தட்டு என்று தனக்கு இதுவரை தெரியாது, இனி அறுநூறுக்குக் குறைத்துக் கொடுப்பது அந்த அம்மாவுக்கே அவமரியாதை என்றார்.

வெர்னல் பேருந்துப் பணிமனையில் முப்பது வருடம் சாமான் வாங்கி விலை பேசியவர். தன் வாயாலேயே விலையை ஏற்றியது இதுதான் முதல் தடவை.

கடைசியில் கணக்குத் தீர்ந்தது பேஸ் கிட்டாரில். அந்தப் பாட்டில் வாசித்த அதே கிட்டார். அதைப் பெட்டியோடு கொடுத்துவிட்டு, ஒரு காகித உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, உட்கார்ந்தால் உடையும் என்ற பயத்தில், இருக்கை காலியாக இருந்தும் பேருந்தில் வழி முழுக்க நின்றுகொண்டே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. சபையார் வருவதற்கு அரைமணி நேரம் இருந்தது. அர்வெல்லா, ஆராதனையில் கதவருகே நிற்கும்போது போடுகிற வெள்ளைக் கையுறையைக்கூடக் கழற்றாமல், நாற்காலிகளை ஒவ்வொன்றாக முன்னறைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வெர்னல் புது ஊசியைப் பொருத்தி, ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடுவோம் என்று தட்டைச் சுழலவிட்டார்.

பாட்டு ஓடியது. இரண்டாவது சரணம் முடிந்தது. வாத்தியங்கள் நின்றன.

சிரிப்பு வந்தது.

கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வருடமாக எந்த இடத்தில் உட்கார்ந்து கேட்டாரோ அதே இடத்தில் உட்கார்ந்தார். நாற்காலிதான் முன்னறைக்குப் போயிருந்தது. டீக்கன் கோட்டும் டையுமாகத் தரையில் மல்லாந்தார். போகிற போக்கில் மேஜை விரிப்பைப் பிடித்து இழுத்ததில் உருளைக்கிழங்கு சாலட் அவர் மார்பில் வந்து அமர்ந்தது.

தட்டில் சிரிப்பு முடிந்துவிட்டது. வாத்தியங்கள் மறுபடி தொடங்கிவிட்டன. ஆனால் அறையில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. மணிகள் மாடிப்படியில் உருண்டுகொண்டே இருந்தன.

வெர்னல் தலையைத் திருப்பினார். அர்வெல்லா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். வெள்ளைக் கையுறை வாய்க்குப் போகத் தாமதமாகிவிட்டது. எல்லாப் பல்லும் நன்றாகத்தான் இருந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. சாலட்டைத் துடைக்கவில்லை. அவளையே பார்த்தார். அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, அழுகை மாதிரி ஏதோ ஒன்றில் போய் நின்றது.

மாடிக்குப் போனாள். ஒரு பழைய உறையோடு இறங்கி வந்தாள். உள்ளே அதே தட்டு, அதே பாட்டு. முழுக்கக் கறுப்பாகப் பளபளத்தது. ஒரே ஒரு வளையம் மட்டும், இரண்டாவது சரணம் முடியும் இடத்தில், ஊசி தேய்த்துத் தேய்த்துச் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“மூணு வாரம் போட்டுப் போட்டுப் பழகினா,” என்றாள் அர்வெல்லா. “கடைப் பின்கட்டுல, தலை காய வைக்கிற மெஷின் சத்தத்துல. எனக்குத் தலைவலியே வந்துடுச்சு.”

“அப்ப அன்னைக்குச் சிரிச்சது…”

“நீ விழுந்தே. நான் சிரிச்சேன். நீ தேடிக்கிட்டு வந்தப்ப அவ முந்திக்கிட்டா. அவளுக்கு நீ வேணும்னு இருந்தது. எனக்கு ரெண்டு டாலரே போதுமா இருந்தது.” கையுறையைக் கழற்றி மடித்தாள். “உன் முன்னாடி சிரிக்க மாட்டேன்னு அவகிட்ட சத்தியம் பண்ணினேன். நீ வேற ஓயாம விழுந்துக்கிட்டே இருக்கிற ஆளு. லேசான சத்தியமா அது?”

வாசலில் மணி அடித்தது. இருவரும் அசையவில்லை. வெர்னல் தரையில் கிடந்தபடியே, தட்டு சுழல்வதைப் பார்த்துக்கொண்டு, மிக மெல்லக் கேட்டார்.

“அப்ப இந்த வீட்டுல… நாப்பது வருஷமா… நான் கேட்டதெல்லாம்?”

அர்வெல்லா குனிந்து அவர் மார்பிலிருந்த சாலட்டைக் கரண்டியால் வழித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

“பதினொண்ணு பதினொண்ணுன்னு கடை கடையாச் சொல்லிக்கிட்டுத் திரியறியே, கணக்கைத் திருத்திக்கோ வெர்னல். பன்னெண்டு. முதல்ல பாடினவ அவதான். அது ஒண்ணுதான் தட்டுல ஏறல.”