பதினோரு நிமிஷத்து அண்ணன்

பெர்ன்ஹில், ஊட்டி.
திங்கட்கிழமை.

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, தேயிலை ஃபேக்டரியில் முப்பத்தொரு வருஷம் இலை காய வைக்கும் டிரையர் மெஷின் பார்த்து ஓய்வு பெற்ற அழகர்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் சளி இருமல் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகமில்லை. அதற்குக் காரணம் தங்கள் இதழில் வரும் ‘படமும் பாடமும்’ பகுதி என்பதால்தான் இந்தக் கடிதம்.

என் ஒரே மகள் சுஜாதா, இருபத்தெட்டு வயது, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறாள். சினிமாவில் ஒரு கார் ஆற்றைத் தாண்டினால்கூட, “அந்த ஸ்பீடுக்கு ஆத்துலதான் விழும்” என்று எழுந்து வெளியே வந்துவிடுகிறவள். அவளுக்கும் குன்னூர் நவநீதனுக்கும் மனசு ஒத்துப்போனது, நாங்களும் சரியென்றோம். பையனின் அப்பா முத்துவேல்தான் முட்டுக்கட்டை போட்டார். நவநீதன் இரட்டைப் பிள்ளைகளில் பின்னால் பிறந்தவன். பதினோரு நிமிஷம் முந்திப் பிறந்த அண்ணன் ஜீவா, சின்னதிலிருந்தே மேட்டுப்பாளையத்தில் மாமன் வீட்டில் வளர்ந்தவன், இப்போதைக்குக் கல்யாணமே வேண்டாம் என்கிறான். “மூத்தவன் இருக்கறப்ப இளையவனுக்குப் பண்ணுனா நாலு பேரு என்னங்க சொல்லுவாங்க?” என்று முத்துவேல் சொல்லிவிட்டார். ஒன்றரை வருஷம் இப்படியே போனது.

அந்தச் சமயத்தில்தான் அந்த ராக்கெட் படம் வந்தது. அண்ணன் விண்வெளிக்குப் போய் இளமை மாறாமல் திரும்புகிறான், தம்பிக்குத் தலை நரைத்திருக்கிறது, கடைசிக் காட்சியில் அண்ணன் தம்பி காலில் விழுகிறான். விழுந்தது முறையா என்று ஜெஸிந்தா பேக்கரியில் பெரிய ரகளை. என் மைத்துனன் பாலகுமார் எந்தப் படத்தையும் மூன்று தடவை பார்க்காமல் பேச மாட்டான். இதையும் மூன்று தடவை பார்த்துவிட்டு, பேக்கரியில் கிடந்த தங்கள் இதழைத் தூக்கிக்கொண்டு வந்தான். உயரமான இடத்தில் கடிகாரம் வேகமாக ஓடும், அங்கே இருப்பவருக்கு வயசும் வேகமாக ஏறும் என்று போட்டிருந்தீர்கள். எவ்வளவு வேகம் என்பதை அடுத்த பக்கத்தில் போட்டிருந்தீர்கள் போலிருக்கிறது. அந்தப் பக்கத்தில் பேக்கரிக்கார ஜெஸிந்தா யாருக்கோ வர்க்கி பிஸ்கட் மடித்துக் கொடுத்துவிட்டார். முக்கியமான விஷயத்தை அடுத்த பக்கத்துக்குத் தள்ளலாமா ஐயா? “மாமா, ஜீவா கீழ மேட்டுப்பாளையத்துல, நவநீதன் மேல குன்னூர்ல. இருபத்தெட்டு வருஷத்துல பதினோரு நிமிஷத்தைத் தாண்டியிருக்க மாட்டானா? இப்ப அவன்தான் அண்ணன்!” என்று குதித்தான். இருந்த அலுப்பில், “போய்ச் சொல்லித்தான் பாரேன்” என்றேன். அதுதான் நான் செய்த தப்பு.

முத்துவேல் சும்மா நம்புகிற ஆள் இல்லை. வீட்டில் இருந்த இரண்டு சுவர்க் கடிகாரங்களில் பழையதை மேட்டுப்பாளையத்துக்குக் கொடுத்தனுப்பி, ஜீவா இருக்கும் வீட்டில் மாட்டச் சொன்னார். ஒரே வாரத்தில் அது ஆறு நிமிஷம் பின்தங்கிவிட, அவரும் நம்பிவிட்டார். டிரையர் பார்த்தவனுக்குத் தீர்ந்துபோன பேட்டரி தெரியாதா? வாயை மூடிக்கொண்டேன். சுஜாதாதான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். “அப்பா, பதினோரு நிமிஷம் முந்தணும்னா அவர் குன்னூர்ல பன்னெண்டு கோடி வருஷம் குடியிருக்கோணும். நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்.” உனக்குப் புண்ணியமாகப் போகும், பேசாமல் இரு கண்ணு என்று கையெடுத்துக் கும்பிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்குள் தை மாதத்தில் முகூர்த்தம் குறித்து, கல்யாணப் பத்திரிகையில் நவநீதனை மூத்த குமாரன் என்றே அச்சடித்துவிட்டார்கள். ஜீவா போன் போட்டு, “ஏனுங்க மாமா, நான் இனி அவனை வாங்க போங்கன்னு பேசோணுமுங்களா?” என்று சிரித்தான்.

நேற்று, ஒரு கையில் பத்திரிகைக் கட்டும் மறு கையில் ஒரு சுவர்க் கடிகாரமுமாக முத்துவேல் எங்கள் வீட்டுக்கு வந்தார். மலை ஏறி வந்ததில் காது அடைத்துக்கொண்டது என்றார். டீயை ஒரு வாய் குடித்தார்.

“ஏனுங்க, குன்னூரை விட ஊட்டி உசரந்தானுங்க?”

“பின்னே, நல்ல உசரமுங்க” என்றேன் பெருமையாக. மடையன் நான்.

“அப்படின்னா உங்க புள்ளைக்கு வயசு வேகமா ஏறியிருக்குமுங்களே. எங்க பையனுக்கு நாலு மாசந்தானுங்க இளையது. பொண்ணு மூத்ததாயிட்டா எப்படீங்க?”

நான் பாலகுமாரைப் பார்த்தேன். அவன் விட்டத்தைப் பார்த்தான். முத்துவேல் பத்திரிகைக் கட்டைப் பிரிக்காமலே பைக்குள் வைத்துக்கொண்டு, கடிகாரத்தை எங்கள் கூடத்தில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். இது நல்ல கடிகாரம். பேட்டரி தீர்ந்தது திரும்பி வந்து குன்னூரில் அவர் வீட்டில் ஓடுகிறது. வருகிற ஞாயிறு வந்து ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் கல்யாணமாம். அது பின்தங்கி இதுதான் முந்தி நிற்கும் என்று எனக்கு இப்போதே தெரியும். போன் செய்து பேட்டரி விஷயத்தைச் சொன்னேன். “மேட்டுப்பாளையத்துல நல்லா இருந்த பேட்டரி, உங்க விஷயம்னு வந்தா மட்டும் கெட்டுப்போகுமுங்களா?” என்கிறார். என் பெண் நேற்றிலிருந்து தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை ஐயா. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பிடித்திருக்கிறது, அது போதாதா? நான் ரொம்பவும் களைத்துப்போய்விட்டேன்.

தங்கள் இதழ் வெள்ளிக்கிழமை வருகிறது. உயரத்துக்கும் வயசுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, நாங்கள் போட்டது தப்பு என்று கொட்டை எழுத்தில், முதல் பக்கத்திலேயே போடுங்கள். முத்துவேல் அச்சில் வந்தால்தான் நம்புவார். நேரமில்லாததால் பாலகுமார் இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து ஈமெயிலில் அனுப்புகிறான்.

தங்கள் இதழும் தங்கள் வீட்டுப் பிள்ளைகளும் நல்லா இருக்கட்டும். தங்கள் வீட்டில் கல்யாண வயதில் யாராவது இருந்தால், ஒரே மட்டத்தில் இருக்கும் ஊராகப் பார்த்துச் சம்பந்தம் பண்ணுங்கள்.

இப்படிக்கு,
அழகர்சாமி

பி.கு.: இதைப் படித்துப் பார்த்த என் மனைவி பாலாமணி, “ஏனுங்க, அறிவிருக்குதுங்களா உங்களுக்கு? அது தப்புன்னு போட்டா மாப்பிள்ளை மறுபடியும் தம்பி ஆயிருவாருங்களே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் சொல்வது சரி. ஆகவே மேலே கேட்டதை விட்டுவிடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை அந்த விதி செல்லும், குன்னூரிலிருந்து ஊட்டிக்குச் செல்லாது என்று மட்டும் போட்டுவிடுங்கள். சயின்ஸில் இதற்கு இடம் உண்டா என்று சுஜாதாவைக் கேட்டேன். வெகுநேரம் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “போடச் சொல்லுங்கப்பா” என்றாள்.