வால் பக்கம் வைத்த பேட்டரி

நான் கட்டிய விமானம் ஒரே ஒரு முறை தரையை விட்டு எழும்பியது. முழுதாக அல்ல, மூக்கு மட்டும்.

ஆரணியில் பட்டு நெய்கிறவனுக்கு விமானம் எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. தறி ஓடும் சத்தத்திலேயே நான் மனசுக்குள் மேலே கிளம்பிவிடுவேன். கீழே களம்பூர் அரிசி ஆலைகளின் நெற்களங்கள் மஞ்சள் கட்டம் போட்ட புடவையாய் விரிந்து கிடக்கும்.

மனைவி சுமதி ஒரே நிபந்தனை போட்டாள். பொங்கலுக்குள் அது தன் எஞ்சினால் ஏரித் திடலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உருள வேண்டும். இல்லையென்றால் கொட்டகையில் அவளுக்கொரு புதுத் தறி வரும், விமானம் இடத்தைக் காலி செய்யும்.

பேட்டரி மட்டும்தான் பாக்கி. லாரி மெக்கானிக்கான மைத்துனன் குமார், "எஞ்சின்கிட்டயே வெச்சிடு மாமா, ஒயரும் கம்மி" என்றான்.

"டேய், தறியில பாவு வெறப்பா நிக்க வெயிட்ட எங்க தொங்கவிடறோம்?"

"பின்னாடி."

"அவ்ளோதான்."

வாலில் வைத்தேன். (பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், பறக்காது என்பது அப்போது தோன்றவில்லை.)

போகி அன்று காலை திடலுக்குத் தள்ளிப்போனோம். வழியெல்லாம் பழசை எரித்துக்கொண்டிருந்தவர்கள் விமானத்தை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஆள் ஏறாதவரை அது நேராகத்தான் நின்றது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, ஏறி இருக்கையில் சாய்ந்தேன். முன்சக்கரம் தன் பழத்தை நசுக்காமல் மெதுவாக மேலே போனது. பின்னால் வால் மண்ணில் உட்கார்ந்து 'மடக்' என்றது.

"மாமா," என்றான் குமார், "எஞ்சினே இன்னும் ஸ்டார்ட் பண்ணலயே."

"எறங்குங்க" என்றாள் சுமதி.

"வேணாங்க்கா. எறங்கினா மூக்கு டமால்னு வந்து வுழும். கயிறு எடுத்தாறேன், அதுவரைக்கும் குந்தினு இருக்கட்டும்."

குந்தியிருந்தேன். எதிரே வானம் மட்டும். பிரிக்காத பட்டுக் கற்றை போல ஒரு மேகம், அதன் குறுக்கே ஒற்றைக் கொக்கு. பூமி எந்தப் பக்கமும் தெரியவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் நான் பறந்தேன் என்று யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

"இன்னாங்க பண்றீங்க மேல?"

"வேடிக்க பாத்துகினு இருக்கேன்."

"தறி விக்கிறவரு போன் பண்ணிகினு இருக்காரு. இன்னா சொல்லட்டும்?"

ஒடிந்த வாலைத் திரும்பிப் பார்த்தேன். "வரச் சொல்லு."

தறி வந்தது. இறக்கைகளைக் கழற்றி வீசிவிடாமல் கொட்டகைக் கூரையில் கட்டித் தொங்கவிடச் சொன்னவள் சுமதிதான். பேட்டரிக்கும் கடைசியில் சரியான இடம் கிடைத்தது, அவள் தறிக்குப் பக்கத்தில். கரண்ட் போனால் அதில்தான் விளக்கு எரிகிறது.

ஆனால் இன்றும் ஷேர் ஆட்டோவில் ஏறினால் முதலில் அவள் குரல்தான் கேட்கும்: "இவர முன்னாடி ஒக்கார வைங்க. பின்னாடி குந்தினா வண்டி வானத்தப் பாத்துகினு நிக்கும்."

நான் மறுப்பதே இல்லை. முன்சீட்டில் கண்ணாடி பெரியது. தேவிகாபுரம் வரைக்கும் வானம் தெரியும்.