நட்டு முறுக்கிய ஞாயிற்றுக்கிழமை

இந்த ஞாயிற்றுக்கிழமை யார் வந்து காலில் விழுந்தாலும் குண்டடம் போவதில்லை என்று சனிக்கிழமை காலையிலேயே முடிவு செய்துவிட்டேன். முடிவை என் மனைவி இந்துமதியிடம் சொல்லவில்லை. முடிவெடுக்க ஒரு தைரியம் போதும். சொல்வதற்கு வேறு தைரியம் வேண்டும். அது என்னிடம் எப்போதுமே ஸ்டாக் இல்லை.

குண்டடம் அவள் பிறந்த ஊர். நான் திருமுருகன்பூண்டிக்காரன். பெயர் மகுடேஸ்வரன். பெயரில் மட்டும்தான் மகுடம். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, குழந்தைகள் பனியன் தைத்துக் கொடுக்கிறேன். வாரம் முழுக்க மெஷின் சத்தம், டெய்லர் சத்தம், சரக்கு வாங்கும் பையர் போனில் போடும் சத்தம். ஞாயிறு ஒன்றுதான் தூக்கம். அதற்கும் வேட்டு வைத்தாள்.

"ஏனுங்க, நாளைக்கு என்ற அண்ணன் தோட்டத்துல பூஜைங்க. புதுசா போர் போட்டதுல தண்ணி வந்திருச்சாமா. வெடியால முத பஸ்ஸுக்கே போயிரலாங்க."

ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். அடுப்படிச் சுவரை ஒட்டி எங்கள் டீசல் ஜெனரேட்டர் நின்றுகொண்டிருந்தது. பெரிய எருமை படுத்த மாதிரி. கான்கிரீட் மேடையில் நான்கு மூலையிலும் போல்ட்டு; ஒவ்வொரு நட்டும் தேங்காய் மூடி சைஸ்.

"அடடா, நாளைக்கா? முடியாதே இந்து. லூசாயிருச்சு."

"யாருக்குங்க?"

"யாருக்கும் இல்ல. ஜெனரேட்டர் நட்டு."

"ஓ, நட்டுங்களா. நான் வேற என்னமோ நெனச்சுட்டேன்."

"திங்கக்கெழம பூராவும் கரண்ட் கட்டுன்னு அறிவிச்சிருக்காங்க. அன்னிக்குத்தான் ஷிப்மென்ட்டு. ஜெனரேட்டர் ஓடலைன்னா பனியனுக்குப் பதிலா துணியத்தான் அனுப்போணும். நீயேதான ஆறு மாசமா சொல்லீட்டு இருக்கறே, அது ஓடுனா அடுப்படியில டம்ளர் உருளுதுன்னு?"

"ஆமாங்க. சொன்னனுங்க."

தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வாயாலேயே அவளை மடக்கிய பெருமையில் நான் நிமிர்ந்து நின்றேன்.

"ஆனா நெசமாலுமே வேலை இருக்குதுங்களா? இல்ல, வர்றதுக்கு வணங்காம சாக்குச் சொல்றீங்களா?" என்றாள் மெதுவாக.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தால் நான் எதையும் யோசிப்பதில்லை. மெக்கானிக் விட்டுப் போயிருந்த பெரிய ஸ்பேனரை எடுத்தேன். அவள் கண் முன்னாலேயே நான்கு நட்டையும் கழற்றிக் கீழே போட்டேன். பாதி லூசாகவே இருந்ததால் சுலபமாக வந்தன.

"பாத்தியா? வாஷரெல்லாம் தேஞ்சு போச்சு. புதுசு போட்டு, கல்லு மாதிரி டைட் பண்ணோணும். முழு நாள் வேலை."

"அப்பச் சரிங்க. நான் மட்டும் போயிட்டு வர்றனுங்க."

மறுநாள் விடிந்ததும் பட்டுச் சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் திரும்பிச் சொன்னாள்:

"டப்பாவுல முறுக்கு வெச்சிருக்கறனுங்க. தின்னுட்டு முறுக்குங்க."

பஸ் போன சத்தம் கேட்டதும் படுத்தேன். அரை மணி நேர வேலைக்கு எதற்கு அவசரம்? வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் எழுந்தேன். முறுக்கைத் தின்றேன். அடுத்த முறுக்குக்கு ஷெட்டுக்குப் போனேன்.

புது வாஷர் போட்டு, நட்டைக் கையால் திருகினேன். ஓடிப் போய் உட்கார்ந்தது. பிறகு ஸ்பேனரை மாட்டி முழு பலத்தோடு இழுத்தேன். இவ்வளவுதான் விஷயம் என்று ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்தேன்.

அது மேடையை விட்டு இறங்கி வாக்கிங் போகப் பார்த்தது. உள்ளே அடுப்படியில் ஏதோ உருண்டது. பதறிப் போய் ஆஃப் செய்தேன்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டுச் சுப்பையன் வந்தார். லாரி வைத்திருப்பவர். அவர் மனைவி ஆஷாவும் அன்று காலையிலேயே அக்கா வீட்டுக்குப் போய்விட்டாளாம். சும்மாதான் இருந்தார்.

"ஏனுங்க மகுடு, ஞாயித்துக்கெழமையில எதுக்கு இந்தப் பாடு?"

"டைட் பண்ணேனுங்க. நிக்க மாட்டேங்குது."

"எங்க, பண்ணுங்க பாப்போம்."

இழுத்துக் காட்டினேன். அவர் சிரித்தார்.

"இது பாட்டில் மூடி இல்லீங்க. இந்தச் சைஸ் நட்டுக்கு உங்க கைப் பலம் எங்க பத்தும்? கம்பி நீளமா இருந்தாத்தான் பலம் ஏறும். பைப்பு இருக்குதுங்களா?"

பழைய தண்ணிப் பைப்பு ஒன்று கிடந்தது. ஸ்பேனரின் வாலில் அதைச் சொருகினோம். நான் தொங்கினேன். நட்டு நகரவில்லை. ஏறி நின்றேன். அப்போதும் நகரவில்லை. லேசாக ஒரு குதி குதித்தேன்.

பைப்பு வளைந்தது. ஸ்பேனர் ஒரு பக்கம் பறந்தது. நான் இன்னொரு பக்கம் பறந்தேன். பனியன் வேஸ்ட் மூட்டை மேல் போய் விழுந்தேன். அந்த மூட்டையை எடுத்து விற்கச் சொல்லி இந்துமதி சொன்னபோது கேட்காமல் விட்டது எவ்வளவு நல்லது என்று படுத்தபடியே நினைத்தேன்.

"உசுரோட இருக்கறீங்களா?"

"இடுப்பைத் தவிர மத்ததெல்லாம் இருக்குதுங்க."

சுப்பையன் வீட்டுக்குப் போய் ஒரு சாமான் கொண்டுவந்தார். லாரிச் சக்கரத்து நட்டுக்கு வைக்கும் கியர் ஸ்பேனர். தடியான உருளை, அதிலிருந்து நீட்டும் ஒரு கால், உள்ளே பல்சக்கரம், பின்னால் சுற்றுகிற கைப்பிடி. நட்டைக் கவ்வும் பெரிய சாக்கெட்டைத் தேடி மாட்டினார். உருளையின் காலை ஜெனரேட்டரின் இரும்புச் சட்டத்தில் முட்டுக் கொடுத்தார்.

"இப்பச் சுத்துங்க. பலம் வேண்டாம். பொறுமை இருந்தாப் போதும்."

"எனக்கு ரெண்டும் இல்லீங்களே."

"பொறுமை இல்லாமயா இத்தனை வருசம் குடித்தனம் பண்ணுனீங்க?"

சுற்றினேன். கைப்பிடி லேசாகத்தான் சுற்றியது. எத்தனையோ சுற்றுக்கு ஒருமுறை நட்டு கடுகளவு அசைந்தது. ஒரு மூலை முடிந்தது என்று நிமிர்ந்தால், "ஒரே மூலையப் போட்டு இறுக்கிப் போடாதீங்க. கொஞ்சம் இங்க, கொஞ்சம் எதிர் மூலையில. மாத்தி மாத்திப் பண்ணோணும்" என்றார். ஜெனரேட்டரை வலம் வந்தேன். பழனி மலையைக்கூட நான் இத்தனை முறை சுற்றியதில்லை. மத்தியானச் சாப்பாடு மறந்து போயிற்று. தூக்கம் என்ற சொல்லே மறந்து போயிற்று.

பொழுது சாயும்போது நான்கும் முடிந்தன. ஸ்டார்ட் செய்தோம். எருமை அசையவில்லை. அதன் முதுகில் தண்ணீர் நிறைத்த டம்ளரை வைத்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. சுப்பையன் என் தோளைத் தட்டினார். எனக்குக் கண் கலங்கியது. இடுப்பு வலியும் ஒரு காரணம்.

அந்தச் சந்தோஷத்தில் மனசு இளகிவிட்டது. பாவம், மச்சான் என்ன நினைத்தாரோ என்று தரணீதரனுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், மன்னிச்சுக்கோங்க. போருக்கு வர முடியல."

"போரா? எங்க மாப்பிள்ளை? டிவியில ஒண்ணும் சொல்லலையே."

"அந்தப் போர் இல்லீங்க. தோட்டத்துல புதுசா போட்டீங்களே, தண்ணி வந்துச்சே."

"எனக்குத் தெரியாம யாரு மாப்பிள்ளை போட்டது? நான் தாராபுரத்துல முடி வெட்டிக்க உக்காந்திருக்கறேன். அப்புறமாக் கூப்பிடறேன்."

போனை வைத்தபோது வாசலில் சிரிப்புச் சத்தம். இந்துமதி வந்தாள். பின்னாலேயே ஆஷாவும் வந்தாள். இருவர் தலையும் ஈரம். கையில் இருந்த பொட்டலத்திலிருந்து பொரித்த மீன் வாசம்.

"எங்க போனே நீ?" என்றேன்.

"கொடிவேரிக்குங்க. அணையில நல்ல தண்ணி."

சுப்பையன் தன் மனைவியைப் பார்த்தார். "அக்கா ஊடு?"

"அக்காளையும் அங்கதாங்க வரச் சொன்னேன்" என்றாள் ஆஷா. கியர் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு சுப்பையன் அவள் பின்னாலேயே போய்விட்டார்.

இந்துமதி ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரைத் தொட்டுப் பார்த்தாள். அடுப்படிக்குள் போய் டம்ளர் உருளுகிறதா என்று பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"ஆறு மாசமாச் சொன்னேன், நீங்க கேக்கலீங்க. எங்கூர்ல விசேஷம்னு ஒரே ஒருக்காச் சொன்னேன். எவ்வளவு அருமையாப் பண்ணிப் போட்டீங்க!"

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதில் மீனை வைத்தாள். நன்றாக இருந்தது. ஆனாலும் ஆண்பிள்ளையால் இப்படியே விட்டுவிட முடியுமா?

"அடுத்த ஞாயிறு எங்கயாச்சும் விசேஷம் வெச்சிருக்கறயா?"

"அம்மா ஊட்டுக்குப் போலாம்னு இருக்கறனுங்க."

என்ன வேலைக்கு அடிபோடுகிறாள் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. மாடித் தொட்டி கழுவுவது. கண்டிப்பாக அதுதான். எனக்கும் மூளை இருக்கிறது என்று காட்ட வேண்டிய நேரம்.

"நானும் வர்றேன். காலையில மொத பஸ்ஸு. எந்த வேலை இருந்தாலும் சரி, வந்தே தீருவேன். சத்தியம்!"

"நெசமாலுமேங்களா?"

"நெசமாலுமே!"

அவள் போனை எடுத்தாள்.

"அண்ணா, மாட்டுக் கொட்டாய்க்கு இரும்புத் தூண் நிறுத்தறதுக்கு ஆள் தேட வேண்டாம். இவரே வர்றேன்னு சத்தியம் பண்ணீட்டாருங்க. போல்ட்டு நட்டெல்லாம் இப்ப நல்லாவே முறுக்கறாரு."