மொட்டை மாடியில் மஞ்சள் கொடி

கிரேன் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. ஓட்டுநர் வெள்ளைத்துரை இறங்கவில்லை. போன் செய்தார்.

"அண்ணே, நான் உள்ள வரல. வீட்டுல கைப்பிள்ள இருக்கு."

"கைப்பிள்ளைக்கும் கிரேனுக்கும் என்னய்யா?"

"அம்மை போட்ட வீட்டுக்கு எப்படிண்ணே வாரது?"

பாலசுந்தரம் அண்ணாந்து பார்த்தார். மொட்டை மாடியில் அவர் கட்டிய பாய்மரப் படகு. அதன் கம்பத்தில் ஒத்திகைக்கு ஏற்றிய மஞ்சள் கொடி.

அயல்நாட்டுத் துறைமுகத்துக்குள் நுழையும் படகு மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். எங்களிடம் நோய் இல்லை, உள்ளே விடுங்கள் என்று அர்த்தம். பங்குனி மாதத்துப் பசுமலையில் அதற்கு நேர் எதிர் அர்த்தம். காலையில் பால்காரர் பாக்கெட்டைத் தெருவிலேயே வைத்துவிட்டு ஓடியதும், எதிர்வீட்டு மலையம்மாள் கேட்டில் வேப்பிலை செருகியதும் அவருக்கு இப்போதுதான் விளங்கின.

பாலசுந்தரம் தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சு ஆசிரியர். ஊரடங்கில் இந்தப் படகை ஆரம்பித்தார். கடல் இல்லாத ஊரில் படகா என்று சிரித்தவர்கள் சிரித்துக் களைத்துப் போனார்கள். அவர் இழைத்துக்கொண்டே இருந்தார். கையால் தடவினால் எந்த இடத்திலும் பிசிறு தட்டாது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு, இரு நாட்டு அனுமதியோடு, சொந்தப் பாயில் போக வேண்டும். பங்குனி போனால் காற்று மாறிவிடும். அப்புறம் அடுத்த வருஷம்தான்.

குறை ஒன்றே ஒன்று. படகோட்டப் பயின்ற சான்றிதழ் வேண்டும். சென்னைக்குப் போய் முதல் நாளே கடலில் வாந்தியெடுத்துத் திரும்பி வந்தவர் அவர். மனைவி மீனலோசனியிடம் பாஸ் என்று சொல்லிவிட்டார்.

மீனலோசனி வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுவாள். திட்டும்போது மட்டும் தமிழ், தெருவுக்கும் புரியட்டும் என்று.

"நம்ம ஆளுக குஜராத்துலருந்து மதுரைக்கு நடந்தே வந்தவங்க. கப்பலேறுன ஒருத்தரக் காட்டுங்க பாப்போம்."

"அதான் வந்து சேர இம்புட்டு வருசம் ஆயிருக்கு," என்றபடி அவர் மாடிக்கு ஓடினார்.

மஞ்சள் கொடியை இறக்கினார். இது படகுச் சமாச்சாரம்தான் என்று ஊருக்குக் காட்ட அடுத்த கொடியை ஏற்றினார். போகிற நாட்டுக்கு மரியாதையாக ஏற்றும் இலங்கைக் கொடி. மீனலோசனியே தைத்தது. வாளேந்திய சிங்கம் பசுமலைக் காற்றில் அழகாகவே பறந்தது.

"இது எந்தக் கட்சிங்க?" என்றார் மலையம்மாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு போலீஸ்காரர் பைக்கில் வந்தார்.

"மாடில வேற நாட்டுக் கொடி பறக்குதுன்னு போன் வந்துச்சு."

"மரியாதைக்கு ஏத்துனது சார்."

"யாருக்கு மரியாதை?"

பதில் சொல்வதைவிட இறக்குவது சுலபம் என்று பாலசுந்தரம் கயிற்றை இழுத்தார். கயிறு உருளையில் சிக்கியது. கொடி பாதியில் நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

கொடியை அரைக்கம்பத்தில் கண்ட போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். "அடடா. யாரு சார்?"

அந்தப் பக்கம் போன ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கைகட்டி நின்றார். "எப்ப எடுக்குறாங்க?"

செய்தி தெருமுனைக்குப் போனது. கிரேன் உறுமிக்கொண்டு உள்ளே வந்தது.

"சாவுன்னா முன்னாலயே சொல்லியிருக்கலாம்லண்ணே," என்றார் வெள்ளைத்துரை. "அம்மைக்குத்தான் பயந்தேன்."

சாவு இல்லை, படகுதான் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி முடிப்பதற்குள் பாலசுந்தரத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது. படகு அந்தரத்தில் எழுந்ததும் தெருவுக்குத் தானாகவே விளங்கியது. சிரித்தவர்களும் வாயைத் திறந்தபடி நின்றார்கள். திடீரென்று ஒரு பக்கக் கயிறு நழுவியது. மாடியில் நின்ற மீனலோசனி எட்டிப் பிடித்து, மாடித் தூணில் சுற்றி, ஒரே இழுப்பில் முடிச்சுப் போட்டாள். படகு அசையாமல் நின்றது.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"தங்கச்சி பிரசவத்துக்கு மெட்ராஸ் போனேன்ல, துணி காயப்போட கயிறு கட்டுனேன்."

அந்தப் பிரசவத்துக்குப் போய் அவள் கன்னங்கரேலென்று வந்தாள். வத்தல் காயப்போட்ட வெயில் என்றாள். அவரும் நம்பினார்.

படகு லாரியில் ஏறியது. தூத்துக்குடியிலிருந்து லாரியோடு வந்த துறைமுக ஏஜெண்ட் தங்கப்பாண்டி படகைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். "கடலுக்குன்னே பொறந்தது," என்றார்.

அதைக் கேட்டபின் பாலசுந்தரத்தால் பொய்யைச் சுமக்க முடியவில்லை. தங்கப்பாண்டியை லாரி ஓரமாக இழுத்துப் போனார்.

"தம்பி, என்கிட்ட சான்றிதழ் இல்ல. ஒரு நாள் கூடக் கடல்ல தாங்கல. படகை இறக்கிருவோம்."

தங்கப்பாண்டி லாரியின் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார்:

"உங்களுக்கு எதுக்குண்ணே அது? கேப்டன் அக்காதான். உங்களச் சமையலுக்குன்னுல்ல சொல்லி வச்சிருக்காங்க."