அவரை நன்றாகத் தெரிந்திருந்தால்

"இஃப் ஐ ஹேட் நோன் ஹிம் பெட்டர், ஐ வுட் நாட் ஹேவ் மேரிட் ஹிம்."

தலையைத் துவட்டிக்கொண்டே குளியலறையிலிருந்து வந்த ஃபிரிட்ஜ் மெக்கானிக் அப்படியே நின்றுவிட்டார். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவர் மனைவி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதே வாக்கியத்தை இன்னொரு முறை சொன்னாள். இந்த முறை நிறுத்தி, அழுத்தி, ரசித்துச் சொன்ன மாதிரி இருந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். புதிதாக வரும் நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு அவளைத்தான் நினைத்திருந்தார்கள். ஆனால் அதற்கு உயர்நிலை ஆங்கிலத் தேர்வு ஒன்றில் தேறியாக வேண்டும். சாதாரண ஆங்கிலம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இது படித்தவர்களே தலையைச் சொறிகிற ஆங்கிலம். அதனால் வேலை முடிந்து வந்ததும் கம்ப்யூட்டரில் ஒரு டீச்சரிடம் பாடம்.

மெக்கானிக்கின் ஆங்கிலம் கம்ப்ரசர், கேஸ், லீக், நோ கூலிங் என்று ஃபிரிட்ஜுக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனாலும் 'நாட்' என்பதும் 'மேரிட்' என்பதும் அவருக்குப் புரிந்தன. இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருந்ததுதான் உதைத்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். மறந்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் அந்த வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டே போனார். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் அவரைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

அவருடைய பட்டறைக்குப் பக்கத்தில் மருந்துக்கடை. கடைக்காரருக்கு ஆங்கிலம் என்றால் உயிர். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற பொடி எழுத்துக் காகிதத்தைக்கூடக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படிப்பவர். வாக்கியத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடா, எவ்வளவு சுத்தமான இங்கிலீஷ்! யார் சொன்னது தம்பி?"

"ஒரு கஸ்டமர் வீட்ல. அர்த்தத்தைச் சொல்லுங்கண்ணே."

"அவரை நல்லாத் தெரிஞ்சிருந்தா நான் அவரைக் கல்யாணமே பண்ணியிருக்க மாட்டேன். பாவம், எந்த மடையனைப் பத்திச் சொல்லியிருக்காங்களோ!"

மெக்கானிக் அங்கேயிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அந்த மடையன் நான்தாண்ணே."

கடைக்காரர் ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டை உடைத்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். "மனசை விட்டுடாதே. வீட்டு வேலையில கைகொடு. எல்லாம் தானா சரியாப் போகும். என் வீட்டையே எடுத்துக்கோ. சாயங்காலமானா ஒரு சத்தம் உண்டா, சண்டை உண்டா? கோயில் மாதிரி இருக்கும்."

அன்றைக்கே மெக்கானிக் துணி துவைத்தார். மனைவியின் வெள்ளை யூனிஃபார்ம்களையும் தன்னுடைய புது நீலப் பட்டறை உடுப்பையும் ஒன்றாக மெஷினில் போட்டதுதான் வினை. வெளியே எடுத்தபோது எல்லாம் ஒரே குடும்பமாகியிருந்தன.

அவள் யூனிஃபார்மை விரித்துப் பார்த்தாள். "நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா, இல்ல பைப் ரிப்பேருக்குப் போகட்டுமா?"

"நீ கஷ்டப்படறியேன்னுதான்..."

"தொட்டுப் பார்க்காத மெஷினை இன்னைக்கு ஏன் தொட்டீங்க? என்னாச்சு உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் நம்பவில்லை. நம்பாதது நல்லதுதான் என்று மறுநாள் கதவு வழியாக வந்த வாக்கியம் சொன்னது.

"ஹேட் ஹி ஆஸ்க்ட் மி ஈவன் ஒன்ஸ், ஐ வுட் ஹேவ் டோல்ட் ஹிம் எவ்ரிதிங்."

"ஆஹா!" என்றார் மருந்துக்கடைக்காரர். "'இஃப்' போடாமலே 'இஃப்' சொல்றாங்க பாரு, அதுதான் உயர்ந்த இலக்கணம்!"

"இலக்கணம் கிடக்கட்டும்ணே. அர்த்தம்?"

"ஒரு தடவையாவது என்னைக் கேட்டிருந்தா எல்லாத்தையும் அவர்கிட்ட சொல்லியிருப்பேன்."

"என்ன கேட்டிருக்கணும்?"

"அது வாக்கியத்துல இல்ல. எதுக்கும் எல்லாத்தையும் கேட்டு வை."

மெக்கானிக் கேட்டார். டீ போதுமா என்று கேட்டார். ஃபேன் காற்று போதுமா என்று கேட்டார். காலையில் செருப்பு மாட்டும்போது, "உன் மனசுல என்ன இருக்கு?" என்று கேட்டார். பாடத்துக்கு நடுவே கதவைத் திறந்து, "இப்ப ஏதாச்சும் சொல்லணும்னு தோணுதா?" என்றும் கேட்டார்.

"கொஞ்சம் சும்மா இருங்கன்னு சொல்லணும்னு தோணுது" என்றாள் அவள்.

அதனால் சும்மா இருந்தார். வாயைத் திறக்காமல் சாப்பிட்டார், வாயைத் திறக்காமல் போனார், வந்தார். மனைவி பயந்துபோய் அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், கண்ணில் டார்ச் அடித்தாள். எல்லாம் சரியாகவே இருந்தன. அதுவே அவளுக்கு இன்னும் கவலையாகிவிட்டது.

கதவுக்குப் பின்னால் பாடம் மட்டும் நிற்கவில்லை. "பட் ஃபார் ஹிஸ் ஸ்நோரிங், ஐ வுட் ஹேவ் பீன் அ ஹேப்பி உமன்."

"இவரு குறட்டை மட்டும் இல்லேன்னா நான் சந்தோஷமா இருந்திருப்பேன்" என்று மொழிபெயர்த்தார் கடைக்காரர்.

"எனக்குக் குறட்டையே வராதேண்ணே!"

"விடறவனுக்கு எப்படிப்பா தெரியும்? எனக்கும்தான் வராது. ஆனா நான் அதை அடிச்சுச் சொல்லலாம், நீ சொல்லக் கூடாது."

அதிலிருந்த நியாயம் மெக்கானிக்குக்குக் கொஞ்சம் வழுக்கியது. ஆனாலும் தலையணையைத் தூக்கிக்கொண்டு போய் ஹாலில் படுத்தார். காலையில் மனைவி வந்து சோபா முனையில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"என் மேல என்ன கோபம் உங்களுக்கு?"

"கோபமா? நீ நிம்மதியாத் தூங்கட்டுமேன்னு..."

"நீங்க பக்கத்துல இல்லாம எனக்கு எங்கே தூக்கம் வந்தது?"

இதைக் கேட்டு மெக்கானிக்குக்கு உயிர் திரும்பி வந்தது. அதை அப்படியே மருந்துக்கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"ஏமாந்துடாதே தம்பி. அது தமிழ்ல சொன்னது. மனசுல இருக்கிறது இங்கிலீஷ்லதான் வருது."

அன்று சாயங்காலம் மனசில் இருந்தது வந்தேவிட்டது. மெக்கானிக் கதவில் காதை வைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அவள் அவ்வளவு கணீரென்று சொன்னாள்:

"ஹி இஸ் அப்லிவியஸ். பை தி எண்ட் ஆஃப் நெக்ஸ்ட் மந்த், ஐ வில் ஹேவ் லெஃப்ட் ஹிம்."

ஸ்கூட்டர் பறந்தது.

"லெஃப்ட்னா இடது பக்கம்தானேண்ணே?" என்று வாசலிலிருந்தே கேட்டார்.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது போதாதென்று இன்னொரு முறையும் துடைத்தார்.

"இல்லப்பா. அடுத்த மாசம் முடியறதுக்குள்ள நான் அவரை விட்டுப் போயிருப்பேன்னு அர்த்தம்."

"அந்த முதல் வார்த்தை?"

"அப்லிவியஸா? பக்கத்துல இருக்கிறவங்க மனசுல என்ன இருக்குன்னே தெரியாம, அதுபாட்டுக்குத் திரியற ஜென்மம். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா? உன்னைப் பார்த்தா அப்படித் தெரியலையே!"

மெக்கானிக்கின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கடைக்காரர் நல்ல மனுஷர். கடையில் நின்றிருந்த ஒருவருக்குச் சீட்டுப்படி மாத்திரையை எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டு, கடை ஷட்டரை இறக்கினார்.

"கிளம்பு. நானே வந்து பேசறேன். அவங்க இங்கிலீஷ்ல பேசினா இங்கிலீஷ்லயே பதில் சொல்ல ஒரு ஆள் வேணும்ல?"

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, மனைவியிடம் சொல்வதற்கு நீளமான ஓர் இங்கிலீஷ் வாக்கியத்தை மெக்கானிக்குக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் கடைக்காரர் ஷூ முடிச்சோடு போராடிக்கொண்டிருக்கும்போதே மெக்கானிக் உள்ளே ஓடிவிட்டார். படுக்கையறைக் கதவைத் தள்ளினார். மனைவி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

மனப்பாடம் செய்த வாக்கியம் மொத்தமும் தொண்டையிலேயே ஆவியாகிப் போயிருந்தது. மிச்சம் இருந்தது அவருடைய சொந்தச் சரக்குதான்.

"ப்ளீஸ்" என்றார். "யூ கோ... ஐ நோ கூலிங். கேஸ் ஃபுல் லீக். கம்ப்ரசர் ஃபினிஷ்."

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இது யார் சொல்லிக் கொடுத்தது?"

"நானே செஞ்சது." அவர் குரல் உடைந்தது. "என்னை விட்டுட்டுப் போயிடாதே. நீ என்ன சொன்னாலும் கேக்கறேன். உன் மனசுல இவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா..."

"அய்யோ, என்னங்க இது! நான் எங்கே போகப் போறேன்?" அவள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். "அதெல்லாம் டீச்சர் குடுக்கிற வாக்கியம். அவங்க சொல்வாங்க, நான் திருப்பிச் சொல்லணும். அதுக்காகவா துணி துவைச்சீங்க? அதுக்காகவா ஹால்ல போய்ப் படுத்தீங்க?"

மெக்கானிக் குழந்தை மாதிரி தலையாட்டினார். அவள் தன் துப்பட்டாவால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். அந்தத் துப்பட்டாவிலும் லேசாக நீலம் ஏறியிருந்தது.

கழற்றி வைத்த ஹெட்போனின் இணைப்பைப் பிடுங்கிவிட்டாள். கம்ப்யூட்டரிலிருந்து டீச்சரின் குரல் அறைக்குள் வந்தது. திரையில் நரை கலந்த தலையும் சிவந்த மூக்குமாக ஒரு அம்மாள் தெரிந்தார்.

"மன்னிச்சுக்கோங்க சார். எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருந்தேன். உங்க வாக்கியத்துல இலக்கணம் ஒரு இடத்துலகூட இல்ல. ஆனா எனக்கு யாருமே இப்படி ஒரு வாக்கியம் சொன்னதில்ல."

மெக்கானிக்குக்கு வெட்கமும் தெம்பும் ஒன்றாக வந்தன. "அதுக்கில்ல டீச்சர். பாடப் புத்தகத்துல வேற நல்ல வாக்கியமே இல்லையா? உசிரே போயிடுச்சு."

"புத்தகத்துல இருக்கிற வாக்கியம் மனசுல ஒட்டாது சார். அதனால எல்லாம் நானே சொந்தமா எழுதறது. ஆமா, இங்கிலீஷ் தெரியாதுன்னு சொன்னாங்களே, உங்களுக்கு எப்படி அர்த்தம் புரிஞ்சது?"

"எங்க மருந்துக்கடை அண்ணன்தான் ஒவ்வொண்ணுக்கும் பிரிச்சுப் பிரிச்சு அர்த்தம் சொன்னாரு. இங்கிலீஷ்ல புலி. அண்ணே, உள்ள வாங்கண்ணே!"

ஒற்றைக் காலில் ஷூவோடு மருந்துக்கடைக்காரர் உள்ளே வந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஆங்கிலத்தில் வணக்கம் சொல்வதற்காகத் திரைக்கு நேராகக் குனிந்தார். குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

திரையில் டீச்சர் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"என்னங்க, அர்த்தமெல்லாம் ஒரு எழுத்துப் பிசகாமச் சொல்லியிருக்கீங்க, வீட்டுக்கு வாங்க, இதெல்லாம் யாரைப் பத்தி எழுதினதுன்னும் நானே சொல்லிடறேன்."