எனக்குக் கோபம் வரும் என்று போடவும்

மேயோ மாவட்டம், கில்வாரா,
1958 ஜூன் 12

மகாகனம் பொருந்திய பத்திராதிபர் ஐயா அவர்களுக்கு,

டார்பி ஹெனகன் வாயால் சொல்லி எழுதுவித்தது. நீங்களும் வீட்டாரும் அச்சு யந்திரமும் மாதாவின் அருளால் சுகமாயிருக்க வேண்டும். நான் சுகமில்லை. காரணம் நீங்கள்.

போன சனிக்கிழமை என் தம்பி பேத்தி உனா, டப்ளினில் டீச்சர், உங்கள் பத்திரிகையில் ஒரு கடிதம் போட்டிருந்தாள். செம்பட்டை முடிக்கும் முன்கோபத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, அயர்லாந்துக்காரன் என்றாலே சண்டைக்காரன் என்று வெளிநாட்டான் சொல்வதும் பொய், சந்தேகமிருந்தால் கில்வாராவில் என் பெரிய தாத்தா டார்பியைப் பாருங்கள், எழுபத்தொன்பது வயதில் பூனையைக்கூட அதட்டாதவர் என்று. அத்தனையும் சத்தியம் ஐயா. அதுதான் வில்லங்கம்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் செம்பட்டைத் தலை, எவனுக்கும் கோபம் வந்ததில்லை. 1889 இலையுதிர்கால மாட்டுச் சந்தை, கிடாரியின் கயிறு என் கையில், எனக்குப் பத்து வயது. அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் வலி; முகம் சிவந்து, தாடை இறுகி, வாயைத் திறக்க முடியாமல் நின்றார். விலை கேட்க வந்த பக்கத்து வீட்டு டஃபி, "செம்பட்டையனுக்கு வெறி ஏறிட்டுதுடா" என்று பயந்து, நான் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு ஓடி, ஊரெல்லாம் பரப்பினார். அன்றிலிருந்து அந்தப் பெயர்தான் எங்களுக்கு வேலி. என் கடைசித் தம்பி பாஸ்டனில் கப்பலை விட்டு இறங்கினான். செம்பட்டை, அதிலும் நம் நாட்டான் என்று பார்த்ததுமே போலீஸில் எடுத்துக்கொண்டார்கள். கோழி அறுத்தால் அழுகிறவன் ஐயா அவன். கோபக்காரச் செம்பட்டை எதிரே வந்தால் வலையில் மீன் விழாது என்று, கடலுக்குப் போகிறவர்கள் என் தங்கை நான்சி வெளியே வராமலிருக்க எங்கள் வாசலில் கானாங்கெளுத்தி மீன் வைத்துவிட்டுப் போவார்கள்.

திங்கட்கிழமை மீன் வரவில்லை. "இனிமே தாராளமா எதுக்க வா, நான்சியக்கா. அதான் பேப்பர்லயே போட்டுட்டானே" என்று படகுக்காரன் சிரிக்கிறான். செவ்வாய்க்கிழமை அந்த டஃபியின் மகன் மாலக்கி எல்லைச் சுவரில் நாலு கல்லைப் பிடுங்கி, பதினோரு ஆடுகளை என் புல்வெளிக்குள் விட்டான். இருப்பது ஒரே பசு, அதற்குக் குளிர்காலத்துக்கு இருப்பது அந்தப் புல். அது போனால் பசுவும் போச்சு.

"மாலக்கி, இது நல்லால்லப்பா."

"ஏன், கோபம் வருதோ?"

"வரும். வந்துக்கிட்டே இருக்கு."

"வரட்டும், நமக்கென்ன அவசரம்" என்று சுவர்மேல் உட்கார்ந்து பைப் பற்றவைத்தான்.

அது அணையும்வரை முயன்றேன் ஐயா. தடியைக் கல்லில் ஓங்கி அடித்தேன். "பாத்துப்பா, கையில சிராய் ஏறிடப்போவுது" என்றான். ஆடுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆகையால் மறுப்பு ஒன்று போடவும். டார்பி ஹெனகன் பயங்கரமானவன், ஒருமுறை மேசையைத் தூக்கி எறிந்தான் என்று போடவும். பழைய மேசை என்று சேர்க்கவும், இல்லாவிட்டால் நான்சி வருத்தப்படுவாள். தலை நரைத்ததைப் போட வேண்டாம். பூசையில் தவிர நான் தொப்பியைக் கழற்றுவதில்லை. பல் வலி விஷயம் நமக்குள் இருக்கட்டும்.

உங்கள் மை வற்றாதிருக்க, உங்களுக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு மறதி உண்டாக, சகல புனிதர்களையும் வேண்டும்,

டார்பி ஹெனகன் (பெருக்கல் குறி)

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் போட வேண்டாம். எழுதித் தந்த நோரீன் தபாலாபீஸ்காரி. எனக்குக் காது மந்தம். கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. குறி போட்டுவிட்டுத் திரும்பினால் பின்னால் பென்ஷன் வரிசை, அதில் முதல் ஆள் மாலக்கி. "பல்லுவலியா? எழுபது வருசமா எங்கப்பனும் நானும் நடுங்குனது உங்கப்பன் பல்லுவலிக்கா?" என்று, இன்னும் ஒரு நரை விழாத அந்தக் கறுப்புத் தலை அதிரக் கத்தி, மைக்கூட்டைச் சுவரில் அடித்து, தராசைக் கவிழ்த்து, கதவைக் கீல் கழல உதைத்துக்கொண்டு போனான். இந்தப் பகுதியை நோரீன் பென்சிலால் எழுதுகிறாள். கறுப்பு முடிக்காரர்களுக்கு முன்கோபம் அதிகம் என்று அடுத்த வாரம் கட்டாயம் போடவும். நான் உடனே வீட்டுக்குப் போக வேண்டும். அவனுடைய ஆடுகளுக்குத் தண்ணீர் வைக்கவில்லை.